பன்னீர் திராட்சையின் தாய்வீடு

வத்தலக்குண்டு சந்தையில் தள்ளுவண்டியில் குவித்து விற்கும் பன்னீர் திராட்சைக்கு ஓர் இத்தாலிய அம்மா உண்டு. பெயர் ஸ்கியாவா குரோஸ்ஸா. ஆல்ப்ஸ் மலையடிவாரத்தில், போல்சானோ நகரைச் சுற்றியுள்ள சரிவுகளில், மரப்பந்தலில் ஏற்றி வளர்க்கும் சிவப்பு ஒயின் திராட்சை அது. அப்பா, அலெக்சாந்திரியா மஸ்கட் என்ற மணமுள்ள வெள்ளைத் திராட்சை. இரண்டுக்கும் பிறந்ததுதான் மஸ்கட் ஹாம்பர்க். அதைத்தான் நாம் பன்னீர் திராட்சை என்கிறோம்.

பழனி மலையின் கீழ்ச்சரிவில் வீட்டுப் பந்தல் போட நினைப்பவர்கள் கேட்கும் கேள்விகள் ஏறக்குறைய ஒன்றேதான். எத்தனை கணு விட்டு வெட்டுவது, பாதிக் குலை பழுத்து மீதி ஏன் பச்சையாகவே நிற்கிறது, காம்பு ஏன் கருகுகிறது, கொடைக்கானலில் வருமா வராதா. பாதிக் கேள்விகளுக்கு விடை அம்மா வீட்டில்தான் இருக்கிறது. அதனால் முதலில் அங்கே போய்விட்டு வருவோம்.

ஸ்கியாவா என்பது ஒரே ரகம் இல்லை, ஒரு குடும்பப் பெயர். குரோஸ்ஸா என்றால் பெரியது, ஜென்டீலே மென்மையானது, கிரீஜா சாம்பல் நிறத்தது. மூன்றும் ஒரே பெயரில் திரிந்தாலும் தனித்தனி ரகங்கள். ‘ஸ்கியாவா’ என்ற இத்தாலியச் சொல்லுக்கு அடிமைப் பெண் என்று பொருள். கொடியைத் தாங்கியோடு இறுக்கிக் கட்டி வளர்ப்பதால் வந்த பெயர் என்பது பலர் ஏற்கும் விளக்கம். அதே மலையில் ஜெர்மன் பேசுகிறவர்கள் ஃபெர்னாட்ச் என்பார்கள். உள்ளூருக்கு உரியது என்ற பொருள்தரும் லத்தீன் சொல்லிலிருந்து வந்ததாம். ஒரே கொடிக்கு ஒரு மொழியில் அடிமை, இன்னொரு மொழியில் வீட்டுப்பிள்ளை! முதல் உலகப் போர் முடியும்வரை அந்தத் தெற்கு டிரோல் பகுதி ஆஸ்திரியாவிடம் இருந்தது, பிறகுதான் இத்தாலிக்குப் போனது. இரண்டு மொழியும் இன்றுவரை அங்கே புழங்குகின்றன.

டிரோலிலிருந்து வடக்கே ஜெர்மனிக்குப் போன குரோஸ்ஸாவுக்கு ட்ரோலிங்கர் என்று பெயர் விழுந்தது. இங்கிலாந்துக்குப் போனபோது ‘பிளாக் ஹாம்பர்க்’ ஆனது. லண்டன் அருகே ஹாம்ப்டன் கோர்ட் அரண்மனையில் 1768-ல் நட்ட கொடி இந்த ரகம்தான். இன்னும் காய்க்கிறது. கண்ணாடிக் கூரைக்குள் அந்த ஒற்றைக் கொடி ஆண்டுக்குச் சராசரியாக 270 கிலோ அளவில் தருகிறது. இதன் வீரியத்தைச் சொல்ல வேறு சான்று வேண்டாம்.

சொந்த ஊரில் நிலைமை வேறு. 1980-களில் தெற்கு டிரோல் திராட்சை நிலத்தில் பாதிக்கும் மேல் ஸ்கியாவாதான்; இன்று பத்தில் ஒரு பங்கு அளவுக்குச் சுருங்கிவிட்டது. அதிகம் காய்க்கவிட்டு, தண்ணீர் போன்ற ஒயினைப் பெரிய பாட்டிலில் மலிவாக விற்ற காலத்தின் பலன் அது. கொடிகளைப் பிடுங்கிவிட்டு வெள்ளை ரகங்களும் லாக்ரைன் என்ற சிவப்பு ரகமும் நட்டார்கள். கால்தெர்ன் ஏரிக்கரையிலும் போல்சானோவுக்கு மேலே உள்ள சாந்தா மட்டலேனாச் சரிவிலும் பழைய கொடிகளைக் காத்து வைத்திருப்பவர்கள் இப்போது விளைச்சலைக் குறைத்து நல்ல ஒயின் எடுக்கிறார்கள். வெளிர்ச் சிவப்பு, துவர்ப்பு மிகக் குறைவு, ஸ்ட்ராபெரி வாசம், கடைசியில் கசப்பு வாதுமையின் ஒரு சாயல். லேசாகக் குளிரவைத்துக் குடிக்கும் வகை.

இனி மகள் கதை. 1850-ல் இங்கிலாந்தின் பெட்ஃபோர்ட்ஷயரில், ரெஸ்ட் பார்க் மாளிகைத் தோட்டக்காரர் சீவர்ட் ஸ்னோ கண்ணாடி வீட்டுக்குள் இந்த இனக்கலப்பைச் செய்தார். 2003-ல் மரபணு ஆய்வும் ஸ்கியாவா குரோஸ்ஸா, அலெக்சாந்திரியா மஸ்கட் இரண்டும்தான் பெற்றோர் என்று உறுதி செய்துவிட்டது. கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தபோது பல செய்திகளில் ஒரு வரி வந்தது: 1832-ல் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் இதைத் தமிழ்நாட்டுக்குக் கொண்டுவந்தார் என்று. பிறக்காத பிள்ளையை யாரும் தூக்கிக்கொண்டு வர முடியாது. பாதிரியார் அந்த ஆண்டில் ஏதேனும் திராட்சை கொண்டுவந்திருந்தால் அது வேறு ரகமாகத்தான் இருந்திருக்கும். கம்பத்துப் பழத்தின் பெருமைக்கு இதனால் ஒரு குறைவும் இல்லை. ஆண்டை மட்டும் திருத்திச் சொன்னால் போதும்.

அப்பா வழியையும் ஒரு வரியில் சொல்லிவிடலாம். அலெக்சாந்திரியா மஸ்கட்டின் பெற்றோரில் ஒன்று சார்தீனியாத் தீவின் கறுப்புத் திராட்சை, அக்சீனா தெ த்ரெஸ் பியாஸ். அதாவது ‘மூன்று முறைத் திராட்சை’, ஒரே ஆண்டில் மறுபடி மறுபடி பூப்பதால். கம்பத்தில் இரண்டு ஆண்டுக்கு ஐந்து அறுவடை எடுப்பதற்கு இந்தப் பாட்டிதான் காரணம் என்று யாரும் முடிச்சுப் போட்டுவிட வேண்டாம். அது குளிர்காலம் இல்லாத நம் வானிலையின் வேலை. இங்கே கொடி உறங்குவதே இல்லை. வெட்டினால் துளிர்க்கும், துளிர்த்தால் பூக்கும்.

மணம் அப்பாவுடையது. ரோஜா வாசம் தரும் ஜெரானியால், லினலூல் போன்ற பொருள்கள் மஸ்கட் குடும்பத்துச் சொத்து. பன்னீர் என்ற பெயரே அதனால் வந்ததுதான். ஓங்கி வளரும் வீரியம், பெரிய குலை, தாமதமாகப் பழுப்பது, நிறம் ஏறச் சுணங்குவது, பந்தலைத் தேடுவது எல்லாம் அம்மாவுடையவை.

பந்தல் என்றதும் தெற்கு டிரோல்காரர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. அங்கே சரிவுக்கு ஏற்றபடி ஒருபக்கம் சாய்ந்த மரப்பந்தல், அதன் அடியில் குலைகள் தொங்கும். நம் பந்தல் தட்டையானது, கல்தூணும் கம்பியும். வேலை ஒன்றுதான். நீண்டு ஓடும் கொடிக்கு இடம் தர வேண்டும், கனமான குலை இலையிலும் கம்பியிலும் உரசாமல் கீழே தொங்க வேண்டும், வெயில் நேரடியாகப் பழத்தைச் சுடக்கூடாது. வேலிபோல் இரண்டு கம்பியில் படரவிட்டு ‘ஐரோப்பிய முறை’ என்று செய்பவர்கள் இந்த ரகத்தைப் பொறுத்தவரை ஐரோப்பாவையே சரியாகப் பார்க்கவில்லை.

வீட்டுப் பந்தலுக்கு 9 அடித் தூண் எடுத்து 2 அடி மண்ணுக்குள் இறக்குங்கள், 7 அடி உயரம் நிற்கும். ஓரக் கம்பி 8 கேஜ், உள்கம்பி 12 கேஜ், கட்டம் ஒன்றரை முதல் 2 அடி. காட்டுமாடு வரும் இடமென்றால் ஓரத் தூண்களுக்குச் சிமெண்டு போட்டே ஆக வேண்டும். முதுகு சொறிய ஒரு தூணில் சாய்ந்தாலே மொத்தப் பந்தலும் தொய்ந்துவிடும்.

கொடிக்குக் கொடி இடைவெளி 3 மீட்டருக்கு 2 மீட்டர். குழி இரண்டடிக்கு இரண்டடி, ஆழமும் இரண்டடி. நன்கு மட்கிய தொழு உரமும் மேல்மண்ணும் கலந்து நிரப்பி, ஒரு மழை கண்டு மண் அமர்ந்த பிறகு ஜூன், ஜூலையில் நடலாம். மலைமண்ணில் ஒரு சிக்கல்: புளிப்பு. காப்பித் தோட்ட மண்ணின் கார அமில நிலை 5-க்குப் பக்கத்தில் இருப்பது சாதாரணம். திராட்சைக்கு 6.5 வேண்டும். வெறும் சுண்ணாம்பைவிட டோலமைட் போடுவதே நல்லது. அதில் மெக்னீசியமும் உண்டு. அது ஏன் முக்கியம் என்று பின்னால் வருகிறது. அளவை மண் பரிசோதனை அட்டையைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

நாற்றுக்கு நர்சரியைத் தேடி அலைய வேண்டாம். கவாத்தில், அதாவது கொம்புகளை வெட்டிவிடும்போது, விழும் கொம்பில் பென்சில் பருமன் உள்ள, பழுப்பேறி முற்றிய பகுதியை நான்கு கணு நீளத்துக்கு வெட்டுங்கள். அடிப்பக்கம் கணுவுக்கு ஒட்டிக் கீழே நேர்வெட்டு, மேல்பக்கம் சாய்வெட்டு. தலைகீழாக நட்டுவிடாமல் இருக்க இதுவே அடையாளம். இரண்டு கணு மண்ணில், இரண்டு வெளியே. நிழலில் இரண்டு மாதம். உப்புத் தண்ணீர் உள்ள சமவெளியில் டாக்ரிட்ஜ் வேர்ச்செடியில் ஒட்டுக் கட்டுவார்கள். மலையில் அது வேண்டாத செலவு. ஏற்கெனவே துள்ளும் கொடிக்கு இன்னும் வீரியம் ஏற்றினால் இலைதான் மிஞ்சும்.

நட்ட கொடியில் ஒரே தண்டை மட்டும் விட்டுப் பக்கத்துளிர்களைக் கிள்ளிக்கொண்டே வாருங்கள். பந்தலைத் தொட்டதும் நுனியைக் கிள்ளி, எதிரெதிராக இரண்டு கைகளை ஓடவிடுங்கள். அவற்றிலிருந்து கிளை, கிளையிலிருந்து காய்க்கும் கொம்பு. பந்தல் நிரம்புவதற்கு முன்பே காய்க்கு ஆசைப்பட்டால் கைகள் மெலிந்துபோகும், பிறகு தேறவே தேறாது.

கவாத்துக்கு வருவோம். ஸ்கியாவாவின் அடிக்கணு மொட்டுகளில் பூங்கொத்து குறைவு. அதனால்தான் அவர்கள் கொம்பை நீளமாக விடுகிறார்கள். மகளிடமும் அந்தக் குணம் ஓரளவு இறங்கியிருக்கிறது. அனாபிஷாகி என்ற வெள்ளைத் திராட்சையை இரண்டு கணுவில் வெட்டலாம், பன்னீருக்கு நான்கு கணு என்பது வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பரிந்துரை. அனாபிஷாகி பார்த்துப் பழகிய கை இதையும் ஒட்ட வெட்டிவிடும். பந்தல் பச்சைப் பசேலென்று இருக்கும், குலை மட்டும் இருக்காது. ‘உரம் பத்தலை’ என்று மேலும் தழைச்சத்து போடுவார்கள், இன்னும் இலை வரும். நோய் உரத்தில் இல்லை, கத்திரிக்கோலில் இருக்கிறது. மெலிந்த கொம்புகளை மட்டும் ஒன்று அல்லது இரண்டு கணுவில் வெட்டுங்கள். அவை இந்தமுறை காய்க்க அல்ல, அடுத்தமுறைக்குத் தேறி வர.

இன்னொரு காரணமும் உண்டு. மொட்டுக்குள் பூங்கொத்து உருவாவது முந்தைய வளர்ச்சியின்போது, அதுவும் வெளிச்சம் பட்டால்தான். பந்தல் அடைத்துப்போய்க் கீழே இருட்டாக இருந்தால், எத்தனை கணு விட்டாலும் மொட்டில் ஒன்றும் இருக்காது. நடுப்பகலில் பந்தலடியில் நின்று பாருங்கள். தரையில் அங்கங்கே வெயில் புள்ளி விழுந்தால் சரி. கொம்பு 12 முதல் 15 கணு வந்ததும் நுனியைக் கிள்ளுங்கள், பக்கத்துளிரையும் கொடியின் சுருள் பற்றுக்கம்பிகளையும் அவ்வப்போது எடுத்துவிடுங்கள்.

கவாத்துக்கு 10 முதல் 15 நாள் முன்பே தண்ணீரை நிறுத்துங்கள். மிஞ்சிய இலையைக் கையால் உருவிவிடலாம். குளிர்ந்த மலைச்சரிவில் கவாத்துக்குப் பிறகு நுனி மொட்டு மட்டும் துளிர்த்து மற்றவை தூங்கும் தொல்லை சமவெளியைவிட அதிகம். கொம்பை வளைத்துக் கட்டினால் நுனியின் ஆதிக்கம் குறையும். ஹைட்ரஜன் சயனமைடு தடவும் வழக்கம் பெருந்தோட்டங்களில் உண்டு. வீட்டுப் பந்தலுக்கு அது வேண்டாம். தோலில் பட்டாலே நஞ்சு, அதைக் கையாண்டவர் அடுத்த சில நாளில் மது குடித்தால் உயிருக்கே ஆபத்தாகும்.

எந்த உயரம் வரை வரும்? தோராயமாக ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். திராட்சைக் கொடி 10 டிகிரிக்கு மேல் கிடைக்கும் வெப்பத்தைத்தான் செலவழிக்கிறது. கம்பத்தில் நாள் சராசரி 26 டிகிரி என்று வையுங்கள், தினம் 16 டிகிரி வரவு. கவாத்திலிருந்து அறுவடைக்கு ஏறத்தாழ 115 நாள். பெருக்கினால் 1,840. ஆக, இந்த ரகத்துக்கு 1,800 சொச்சம் வேண்டும். 700 மீட்டர் உயரத்தில் சராசரி 24 டிகிரி என்றால் தினம் 14, சுமார் 130 நாள். தாண்டிக்குடிபோல் 1,300 மீட்டர் சுற்றிய ஊர்களில் 20 டிகிரி, தினம் 10, ஆறு மாதம். கொடைக்கானலில் 2,100 மீட்டர் உயரத்தில் சராசரி 15 டிகிரியைத் தாண்டாது, தினம் 5. ஒரு குலை பழுக்க ஒரு வருடம்!

இந்தக் கணக்கோடு மழையைச் சேர்த்துப் பாருங்கள். பழனி மலைக்கு முக்கிய மழை அக்டோபர் முதல் டிசம்பர் நடு வரை. அது ஓய்ந்ததும், டிசம்பர் கடைசியில் கவாத்து. 700 மீட்டரில் மே தொடக்கத்தில் அறுவடை, கோடைமழை வலுக்கும் முன்பே வேலை முடிந்துவிடும். இரவுக் குளிர் கிடைப்பதால் நிறமும் புளிப்பும் சமவெளியைவிட நன்றாக நிற்கும். என்னைக் கேட்டால் இந்த ரகத்துக்கு மலையில் சரியான இடம் இந்த உயரந்தான். தாண்டிக்குடியில் ஜனவரி கவாத்து அறுவடையை ஜூலைக்குத் தள்ளும். ஏப்ரல், மே மழை காயின் மேலேயே விழும். பந்தலுக்கு மேல் ஒளி ஊடுருவும் ஷீட் போட்டால் மட்டும் முயலுங்கள். கொடைக்கானலில் திறந்த பந்தல் வெறும் அழகுக்கு. பாலிஹவுஸில் வரும், ஸ்னோ இதை உருவாக்கியதே கண்ணாடிக் கூரைக்குள்தானே. ஆனால் அந்தச் செலவில் பூ வளர்த்தால் பணமாவது வரும். மலையில் ஆண்டுக்கு ஒரே அறுவடை என்று முடிவு செய்துகொள்ளுங்கள். மே, ஜூனில் இரண்டாவது கவாத்துப் போட்டு ஆகஸ்டு, செப்டம்பரில் அறுப்பது சமவெளிக்காரர்களின் கணக்கு.

காய்ப்பைக் கட்டுப்படுத்துவதுதான் எல்லாவற்றிலும் கடினம், மனசு வராது. ஹெக்டேருக்கு ஆண்டுக்கு 30 டன் என்பது நல்ல தோட்டத்தின் அளவு. 3-க்கு 2 மீட்டரில் 1,666 கொடி, ஆக ஒரு கொடிக்கு 18 கிலோ, இரண்டு அறுவடை என்றால் தலா 9 கிலோ. குலை 300 கிராம் என்றால் 30 குலை. உங்கள் கொடியில் 70 பூங்கொத்து வந்திருக்கிறதா? பாதிக்கு மேல் போக வேண்டியவைதான். எல்லாவற்றையும் விட்டால் ஒரே குலையில் கறுப்பு, சிவப்பு, பச்சை மூன்றும் சேர்ந்து நிற்கும். பட்டாணி அளவில் காய் இருக்கும்போது அடர்ந்த குலைகளில் ஐந்தில் ஒரு பங்கைக் கத்தரித்து எடுங்கள். சீராகப் பழுக்க, காய் பிடித்த 20-ஆம் நாளும் 40-ஆம் நாளும் லிட்டருக்கு 2 கிராம் பொட்டாசியம் குளோரைடு தெளிக்கலாம். ஆனால் குலை எண்ணிக்கையைக் குறைக்காமல் தெளிப்பை மட்டும் நம்பினால் அது ஏமாற்றும்.

இப்போது அந்தக் காம்பு கருகல். பழம் மென்மையாகத் தொடங்கும் நேரத்தில் குலையின் கிளைக்காம்பு கறுத்துச் சுருங்கும், அதற்குக் கீழே உள்ள பழங்கள் நிறமும் இனிப்பும் ஏறாமல் புளித்துத் தொங்கும். பூஞ்சணம் என்று நினைத்து மருந்து அடிப்பார்கள், நிற்காது. இது தாய்வழிச் சீதனம். ஜெர்மனியில் ட்ரோலிங்கர் இதற்குப் பேர்போன ரகம். பொட்டாஷ் மிகுந்து மெக்னீசியம் குறைவது, காய்ச்சுமை, வேரில் தண்ணீர் தேங்குவது மூன்றும் சேர்ந்தால் வரும். சாம்பலைக் கூடை கூடையாகக் கொட்டும் வீடுகளில் அதிகம் பார்க்கலாம், சாம்பல் முழுக்கப் பொட்டாஷ்தானே. மெக்னீசியம் சல்பேட் லிட்டருக்கு 5 கிராம் கரைத்து, பழம் நிறம் மாறத் தொடங்கும் முன்பும் அப்போதும் குலையும் இலையும் நனையத் தெளியுங்கள். டோலமைட் போட்ட மண்ணில் இது குறையும்.

பூஞ்சண நோய்களில் மலைக்கு முதல் எதிரி அடிச்சாம்பல், கம்பம் பக்கம் செவட்டை என்பார்கள். இலையின் மேலே எண்ணெய்ப் பொட்டு, அடியில் வெள்ளைப் பூசணம். இலை நனைந்தே கிடந்தால் வரும், மேகம் இறங்கும் ஊரில் கேட்கவே வேண்டாம். போர்டோ கலவையே போதும், ஒழுங்காகக் கலக்கத் தெரிந்தால். 10 லிட்டருக்கு 100 கிராம் மயில்துத்தம், 100 கிராம் நீற்றாத சுண்ணாம்பு. தனித்தனி பிளாஸ்டிக் வாளியில் 5, 5 லிட்டரில் கரைத்து, துத்தக் கரைசலைச் சுண்ணாம்புப் பாலில் கலக்கியபடியே ஊற்றுங்கள். மாற்றி ஊற்றாதீர்கள். இரும்பு வாளி கூடாது. பளபளப்பான கத்தியை ஒரு நிமிடம் முக்கிப் பாருங்கள். செம்பு நிறம் படிந்தால் சுண்ணாம்பு போதவில்லை, இன்னும் சேருங்கள். அன்றைக்கே தெளித்துவிட வேண்டும், மறுநாள் அது வெறும் வண்டல். இளந்துளிருக்குப் பாதி வலுவில் தெளியுங்கள், இல்லாவிட்டால் இலை கருகும். பனியும் வறட்சியுமான பிப்ரவரியில் வரும் மேல்சாம்பலுக்கு நனையும் கந்தகம் லிட்டருக்கு 2 கிராம், வெயில் ஏறாத காலையில்.

பழம் கறுத்துவிட்டது என்பதற்காக அறுக்காதீர்கள். கொடியிலிருந்து வெட்டிய பிறகு திராட்சை பழுக்காது. குலையின் அடிநுனியில் உள்ள பழத்தைச் சுவைத்துப் பாருங்கள், கடைசியில் இனிப்பது அதுதான். விதை பழுப்பாகியிருக்க வேண்டும். அறுவடைக்கு 15 நாள் முன்பே தண்ணீரை நிறுத்தினால் இனிப்பு ஏறும். அந்த இரண்டு வாரம் வலை போடாவிட்டால் பகலில் கொண்டைக்குருவி, இரவில் வவ்வால், நடுவில் குரங்கு.

இதில் ஒயின் வருமா? தமிழ்நாட்டில் உரிமம் இல்லாமல் செய்வது மதுவிலக்குச் சட்டப்படி குற்றம், அதனால் செய்முறை எழுதப்போவதில்லை. பழத்தின் பக்கத்தைச் சொல்லலாம். நம் பன்னீர் அறுவடையில் 16 பிரிக்ஸ் (சாற்றில் உள்ள சர்க்கரையின் அளவு, ஏறத்தாழ சதவீதத்தில்) இருந்தால் அந்தச் சர்க்கரை முழுதும் புளித்தாலும் ஒன்பது சதவீத ஆல்கஹாலைத் தொடாது. நிறமும் துவர்ப்பும் அம்மாவைப்போலவே குறைவு. ஆக அடர்ந்த சிவப்பு ஒயினுக்கு இது பொருந்தாத பழம். மணமுள்ள வெளிர் ஒயினுக்குப் பொருந்தும். ஸ்குவாஷ் போடுபவர்கள் கவனிக்க வேண்டியது, அந்த மணம் கொதியில் பறந்துவிடும். பழத்தைக் கொதிக்கவிட்டு வடிகட்டும் வழக்கத்தை விடுங்கள். நசுக்கி, தோலோடு 60 டிகிரிக்குச் சூடாக்கி, நிறம் இறங்கியதும் பிழிந்து, பாட்டிலில் ஊற்றி மூடி, பாட்டிலோடு 80 டிகிரி வெந்நீரில் அரைமணி நேரம் வையுங்கள். மூடிய பாட்டிலுக்குள் பன்னீர் வாசம் தப்பிக்க வழியில்லை.